சீந்துவாரில்லாத இரண்டாவது ஆல்பம்

அந்த பேண்டின் பெயரை எழுதப்போவதில்லை. தொண்ணூறுகளில் கிழிந்த ஜீன்ஸும் கட்டம்போட்ட சட்டையுமாக அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து கிளம்பி வந்த ராக் கும்பல்களில் அதுவும் ஒன்று. கிரஞ்ச் என்று அந்த இசைக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் ஓஹோவென்று ஓடியது. அதிலிருந்த ஒரு பாட்டை இன்றைக்கும் வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் காய்கறி வாங்கும் கடையில் போடுகிறார்கள். ஊர் உலகத்தின் மேல் கொலைவெறியோடு எழுதிய பாட்டைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது ஆல்பத்தைச் சீந்துவாரில்லை. அதில் ஹிட் என்று ஒரு பாட்டுகூடக் கிடையாது. வேகம் குறைவு. பாடுகிறவனுக்குத் தொண்டை கம்மியிருக்கும். முதல் ஆல்பத்தில் கூரையைப் பிய்த்த கிட்டார் இதில் ஒரு மூலையில் உட்கார்ந்து முனகும். சரக்கு தீர்ந்துவிட்டது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்களாம். ரசிகர்கள் ஏமாந்துபோனார்களாம். பிற்பாடு அந்த பேண்டே அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. எனக்கு இந்த நாட்டில் சோறு போட்டது அந்த இரண்டாவது ஆல்பம்தான். அதை எனக்குக் கொடுத்தவனுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வந்த புதிதில் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம், இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். எங்களை விசா போட்டு இந்தியாவிலிருந்து கூட்டிவந்த கன்சல்டன்சி அந்த வீட்டுக்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் ரெஸ்யூமேயை அவர்கள் ஊரெல்லாம் அனுப்புவார்கள். எதாவது ஒரு வங்கியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ போனில் இன்டர்வியூ எடுக்கும். தேறினால் வேலை. தேறும்வரை பெஞ்சில் இருக்கிறோம் என்று சொல்வார்கள். எங்களுடைய பெஞ்ச் என்பது தரையில் விரித்த மெத்தை.

மெத்தையை விட்டு எழுந்திருக்க வழி தெரியாமல் கிடந்தவன் நான். வேலை தெரியாதவன் இல்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொன்னால் மற்ற ஐந்து பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவேன். ஆனால் போனில் ஒரு அமெரிக்கக் குரல் வந்து, உன்னைப் பற்றிச் சொல் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழக்கரையில் தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு ஆங்கிலம் பரீட்சைத் தாளில் வரும், வாயில் வராது. ஏழு இன்டர்வியூவில் மண்ணைக் கவ்வினேன். எட்டாவதும் போனால் டிக்கெட் போட்டுவிடுவேன் என்று கன்சல்டன்சி முதலாளி போனில் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் ஊரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அமெரிக்க மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பேசியிருந்தார்கள்.

என் பக்கத்து மெத்தைக்காரன் கோயம்புத்தூர்க்காரன். அவனுக்கு வாய் கிழியும். முதல் இன்டர்வியூவிலேயே டெக்சாஸில் வேலை வாங்கிவிட்டு, சேரும் தேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் ஏதோ பேண்டில் கிட்டார் வாசித்தவனாம். காலையில் அடுப்பை மூட்டும்போதே லேப்டாப்பில் அந்த இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுவிடுவான். தக்காளி வதங்கி முடிவதற்குள் நான்கு பாட்டு ஓடிவிடும். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன்டா, காலங்காத்தால எவனையோ கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு. வேற எதாவது போடுடா."

"பாய், உனக்கு ஒண்ணும் தெரியாது. இத ஒலகத்துல ஒரு நூறு பேருதான் ஒழுங்கா கேட்டிருக்கான். நூத்தியொண்ணாவது ஆளா நீ வா."

நான் முஸ்லிம் என்பதால் அவனுக்கு நான் பாய். இன்றுவரை என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டதில்லை.

எட்டாவது இன்டர்வியூ வந்தது. ஜெர்சி சிட்டியிலேயே, நியூபோர்ட் பக்கம் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு வங்கி. முந்தின நாளே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்.

"பேசாம நான் பேசிடறேன் பாய். நீ பக்கத்துல உக்காரு."

இதற்கு எங்கள் உலகத்தில் பிராக்ஸி என்று பெயர். இதைப் படித்துவிட்டு யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம்தான் வரும். கல்லூரியில் வராதவனுக்காகக் குரல் மாற்றி அட்டெண்டன்ஸ் கொடுத்து வளர்ந்த கூட்டம் நாங்கள். அந்தக் காலத்து கெஸ்ட் ஹவுஸ்களில் ஒருவன் பெயரில் இன்னொருவன் இன்டர்வியூ பேசுவது, ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான் நடந்தது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டினால் வேலையோடு விசாவும் போய்விடும் என்பதும் தெரியும். இருந்தும் செய்தோம்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். என் பெயரைச் சொல்லி, என் ஊரைச் சொல்லி, என் பட்டத்தைச் சொல்லி ஆரம்பித்தான். நான் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். டெக்னிக்கல் கேள்விகள் அரை மணி நேரத்தில் முடிந்தன. பிறகு அந்த மேனேஜர், வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வாய் என்று சும்மா கேட்டார். சினிமா பார்ப்பேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இவன் தன்னை மறந்துவிட்டான். அந்த பேண்டின் பெயரைச் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. முதல் ஆல்பத்தை எல்லோருக்கும் பிடிக்கும் என்றார் அவர். இவன் எழுந்தே நின்றுவிட்டான். முதலாவது வெறும் சத்தம் சார், இரண்டாவதில்தான் அவர்கள் பாடவே ஆரம்பித்தார்கள் என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்டர்வியூ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்காவது பாட்டின் ஆரம்பத்தில் யாரோ இருமுகிறார்களே, அதை ஏன் அழிக்காமல் விட்டார்கள் என்று அவர் கேட்கிறார். அழித்திருந்தால் அந்தப் பாட்டே இல்லை என்று இவன் கத்துகிறான். இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து பேசினார்கள். தரையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரில் இருந்த ஒருவனை ஒரு மனிதருக்கு மிகவும் பிடித்துப்போய்க்கொண்டிருந்தது. சந்தோஷத்தைவிட எனக்குப் பொறாமைதான் அதிகம் இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

மறுநாளே வேலை உறுதியாகிவிட்டது. மேனேஜருக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்று கன்சல்டன்சியில் சொன்னார்கள். அப்போதுதான் விபரீதம் உறைத்தது. திங்கட்கிழமை நான் போய் அந்த மனிதரின் எதிரில் நிற்க வேண்டும். அந்த ஆல்பத்தில் எத்தனை பாட்டு என்பதுகூட எனக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினோம். அவன் நோட்ஸ் எழுதிக் கொடுத்தான். நான்கு பக்கம். பாட்டுகளின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு, எதை உசத்தியாகச் சொல்ல வேண்டும், எதைக் கண்டால் பிடிக்காது என்று சொல்ல வேண்டும், டிரம்ஸ்காரன் ஏன் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு போனான், எல்லாம். கண்டிப்பாகக் கேட்பார் என்று அவன் நினைத்ததற்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தான். சனியும் ஞாயிறும் நடந்து நடந்து மனப்பாடம் செய்தேன். பாட்டைக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்று நினைத்தேன். உலகத்திலேயே ஒரு ராக் ஆல்பத்தைக் கேட்காமல் நெட்டுரு போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

குரலுக்கு என்ன செய்வது? தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முதல் இரண்டு வாரம் வாயில் மாத்திரையை அடக்கிக்கொண்டே ஆபீஸ் போனேன். மேனேஜர் ஐம்பதை நெருங்கியவர், ஆறடி, நரைத்த தாடி. முதல் நாள் காலையிலேயே காபிக்குக் கூட்டிப்போனார். மூன்று நட்சத்திரக் கேள்விதான் வந்தது. மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தோளில் தட்டி, உன் இடத்தைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போனார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் நண்பன் ஹூஸ்டன் போய்விட்டான்.

ஆனால் அந்த மனிதர் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நான் ஜும்ஆ தொழுகை முடித்து வந்ததும் என் மேஜைக்கு வந்துவிடுவார். இன்றைக்கு ஐந்தாவது பாட்டு என்பார். அதைப் பற்றி நான் எதாவது சொல்லியாக வேண்டும். நான்கு பக்க நோட்ஸ் எத்தனை வெள்ளிக்கிழமைக்குத் தாங்கும்? வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தேன். கசாயம் குடிக்கிற மாதிரி கேட்டேன். அப்போது கல்யாணமாகி வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்திருந்தோம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் நடுவில் வண்டி மாறி நியூபோர்ட்டில் இறங்குவதற்குள் ஆல்பம் ஒரு தடவை முடிந்து, பாதிவரை மறுபடி ஓடும். போகும்போது ஒன்றரை, வரும்போது ஒன்றரை.

எந்த நாள் என்று ஞாபகமில்லை. பனி பெய்து ரயில் நடுவழியில் நின்றிருந்தது. அந்த நான்காவது பாட்டு. பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வரும், யாரோ இருமுவான், அதற்கப்புறம் அந்தக் கம்மிய குரல். ஆயிரம் தடவை கேட்டதுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முதல் ஆல்பத்தில் ஊரையே கைக்குள் போட்டுக்கொண்ட ஒருவன், இனிமேல் என்னை யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தே பாடுகிறான். தெரிந்தும் குரலை உயர்த்த மாட்டேன் என்கிறான். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றையிலிருந்து நான் நடிக்கவில்லை. நூற்றியொன்றாவது ஆள் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். ஆபீஸில் எனக்கு வாய் திறந்ததே அந்தப் பேச்சில்தான்.

இதெல்லாம் நல்ல காலம். கான்ட்ராக்டராக இருந்தவனை அந்த மேனேஜரே வங்கிக்குள் பெர்மனென்ட் ஆக்கினார். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டதும் அவர்தான். எங்களுக்கு மகள் பிறந்தாள். நண்பனோடு மாதத்துக்கு ஒரு போன் என்றாவது இருந்தது. எப்போது பேசினாலும், "அந்தாளு இன்னும் கண்டுபிடிக்கலயா பாய்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கூப்பிட்டான். சிரிப்பு இல்லை.

"பாய், என்னையத் தூக்கிட்டாங்கடா. எங்க டீமையே தூக்கிட்டாங்க."

இந்த விசாவில் வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலிசெய்துவிட்டு விமானம் ஏற வேண்டும். அவனுக்கும் கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நம்பர் வரவில்லை. அவன் மகன் இங்கேயே பிறந்தவன், எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான். அந்தப் பையனைக் கோயம்புத்தூரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

"உங்க பேங்க்ல எதாவது இருக்கா பாரு. உன் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"கண்டிப்பா மச்சி. ரெஸ்யூமே அனுப்பு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ரெஸ்யூமே ஐந்தாவது நிமிடம் வந்துவிட்டது. அதைத் திறந்து பார்த்ததுமே கணக்குப் போட ஆரம்பித்தேன். இதை அனுப்பினால் மேனேஜர் அவனைக் கூப்பிடுவார். அவன் ஹலோ என்று சொன்னால் போதும், பதினைந்து வருடத்துக்கு முந்தைய அந்தக் குரலை அவர் மறந்திருக்க மாட்டார். அப்படியே மறந்திருந்தாலும் கடைசியில், வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்பார். இவன் வாய் சும்மா இருக்காது. என்னுடைய கிரீன் கார்டோ கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தது. எந்த வேலையைக் காட்டி அது கிடைக்கிறதோ, அந்த வேலையே திருட்டுத்தனமாக வந்தது என்று தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். பிராக்ஸி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அவுக இல்லாட்டி ஒங்களுக்கு இந்த வேலையே இல்ல. இந்த வேலை இல்லாட்டி எங்க வாப்பா என்னைய ஒங்களுக்குக் குடுத்திருக்கவே மாட்டாக. அனுப்புங்க."

"மாட்டுனா நாமளும் சேந்து போவணும். புள்ள படிப்பு?"

"அவுக புள்ளைக்குப் படிப்பு இல்லையாக்கும்?"

 நான் அனுப்பவில்லை. தினமும் காலையில் இன்றைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைப்பேன். ரயில் இறங்கும்போது நாளைக்கு என்று ஆகிவிடும்.

அந்த அறுபது நாளில் இருபதாவது நாளோ என்னவோ, காபி மெஷின் பக்கத்தில் மேனேஜர் என்னைப் பிடித்தார். டீமில் ஒரு சீனியர் இடம் திறந்திருக்கிறது, உனக்குத் தெரிந்த நல்ல ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். இதைவிடத் தெளிவாக எந்த மனிதரும் கேட்க முடியாது. வாயைத் திறந்தால் போதும். ஏழு இன்டர்வியூவில் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது என்று எழுத ஆசைதான். அது பொய். அன்றைக்கு என் நாக்கு சரளமாக வேலை செய்தது. அப்படி யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரி என்று போய்விட்டார்.

அன்று மாலையே நண்பனுக்குப் போன் செய்தேன்.

"மச்சி, கேட்டேன்டா. ஹயரிங் ஃப்ரீஸாம். இந்த வருஷம் யாரையும் எடுக்க மாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் மவுஸை அமுக்கும் சத்தம் கேட்டது.

"சரி பாய்," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அந்த வங்கியைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

ஐம்பதாவது நாள் வாக்கில் எங்கள் பழைய கெஸ்ட் ஹவுஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் வீட்டுச் சாமான்களின் படங்கள் வந்தன. சோபா, சாப்பாட்டு மேஜை, பையனின் சைக்கிள். ஹூஸ்டனில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருந்தான். நான் அதற்குக் கண்ணீர் விடும் பொம்மை ஒன்றைப் போட்டேன். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. ஒரு வாரத்தில் அவனிடமிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. அந்த இரண்டாவது ஆல்பத்தின் சிடி. அட்டை ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. கடிதம் எதுவும் இல்லை. மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவன் போய்விட்டான். ஹூஸ்டன் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பியிருக்கலாம். ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து என் கிரீன் கார்டு வந்தது. அதை மகளிடம் காட்டினேன். "இட்ஸ் நாட் ஈவன் தட் கிரீன், வாப்பா" என்றாள்.

சென்ற மாதம் மேனேஜர் ரிட்டயர் ஆனார். பிரிவுபசார விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு கடைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். எதிர்க்கரையில் மன்ஹாட்டன் பளபளவென்று நின்றது. அந்த பேண்ட்காரர்கள் முதல் ஆல்பத்தின் ஆண்டு விழாவுக்காக ஊர் ஊராகப் போய் அதை முழுசாக வாசிக்கப்போகிறார்களாம். இரண்டாவதிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லையாம். வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒத்து ஊதினேன். அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு விஷயம் கேட்க வேண்டும். இனிமேல் நான் உன் மேனேஜர் இல்லை, பயப்படாதே. போனில் பேசினானே, அவன் யார்?"

நான் தண்ணீர் தம்ளரை எடுத்தேன்.

"முதல் நாளே தெரியும். நீ இரண்டு வார்த்தை பேசியதுமே தெரியும். ஒரு ஆல்பத்தை நேசிக்கிறவன் அதை முதல் பாட்டிலிருந்து வரிசையாக ஒப்பிக்க மாட்டான். உன்னை அன்றைக்கே வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாக அந்த நாற்காலி காலி. நீ வேறு நடுங்கிக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் மற்றவர்கள் ஒரு மாதம் செய்கிற வேலையைச் செய்துவிட்டாய்."

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமைதோறும் நான் வந்தது எதற்கு என்று நினைத்தாய்? என்றாவது நீயே சொல்வாய் என்றுதான். பிறகு நீ நிஜமாகவே கேட்க ஆரம்பித்துவிட்டாய், அதனால் விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஆளை நான் மறக்கவில்லை. அந்த சீனியர் இடம் வந்தபோது உன்னைக் கேட்டேனே, அவனை மனதில் வைத்துத்தான் கேட்டேன். யாரும் இல்லை என்று நீ சொன்னாய். உங்களுக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

சண்டை எதுவும் இல்லை என்று சொன்னேன். அவன் யார் என்று சொன்னேன். எங்கே இருக்கிறான், ஏன் அங்கே இருக்கிறான் என்பதையும் சொன்னேன்.  அவர் பில்லை வரவழைத்து, ஐயோ, என்ன ஒரு அநியாயம் என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை குலுக்கிவிட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துபோனார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை எழுந்ததும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். மனைவி எதிரே காபியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பையன் ஊரில் ஒட்டாமல், காலேஜுக்கு அமெரிக்காவுக்கே போவேன் என்று அடம் பிடிக்கிறான் என்றான். சம்பளம் பரவாயில்லை என்றான். நான் ஒருவழியாக ஆரம்பித்தேன்.

"மச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அன்னைக்கு ஃப்ரீஸுன்னு சொன்னேன்ல, அது..."

"தெரியும் பாய்."

"என்ன தெரியும்?"

"அந்த போஸ்ட் உங்க பேங்க் வெப்சைட்லயே இருந்துச்சு. நீ ஃப்ரீஸுன்னு சொன்ன அன்னைக்கு அதைத் தொறந்து வெச்சுட்டுதான் உங்கிட்ட பேசிட்டிருந்தேன்."

மனைவி என் முகத்தைப் பார்த்துக் காபியைக் கீழே வைத்தாள்.

"அப்பறம் ஏன்டா அப்ளை பண்ணல?"

"பண்ணுனா? அந்தாளு கூப்பிடுவாரு. நான் வாயத் தொறந்தா கண்டுபிடிச்சிருவாரு. உனக்கு கிரீன் கார்டு கைக்கு வர்ற நேரம். ஃபில் பண்ணி, சப்மிட் அமுத்தப் போயி, அப்படியே மூடிட்டேன். எம் பொண்டாட்டிக்கு இது தெரியாது. தெரிஞ்சா என்னையக் கொன்னுருவா."

அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான்.

"நீ பயமா இருக்குடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் பாய். நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். ஃப்ரீஸுன்னு சொன்ன பாரு, அதுதான் கொஞ்ச நாளு ஆறல. இப்ப ஒண்ணுமில்ல. விடு."

சொல்ல வந்ததில் பாதிதான் முடிந்திருந்தது. மேனேஜர் சொன்னது பாக்கி இருந்தது.

"அந்தாளு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டான்.

"ரிட்டயர் ஆயிட்டாரு. நேத்து."

"அட. கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலயா?"

பழைய மாதிரியே சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா," என்றேன்.

"அப்பாடா," என்றான். "அப்ப வீண் போகல பாய்."

"ஆமாடா," என்றேன்.